முதல் பனிச்சறுக்குப் பயணம்: ஹகுபாவா, நொசாவா ஒன்சென்னா?

சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜப்பான் போகிறீர்கள். நகானோ பக்கம் எந்த ஊரில் தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு நொசாவா ஒன்சென்னுக்கு.

ஹகுபா பெரிய பெயர்தான், 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்த இடம். ஆனால் சறுக்குமிடங்கள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. பஸ்ஸுக்கு நின்றே பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். நொசாவாவில் கிராமமே மலையடியில். மேட்டில் ஏற நகரும் நடைபாதைகூட உண்டு. தோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஈயாமா நிலையம், அப்புறம் அரைமணிக்குள் பஸ்.

சறுக்காத அம்மாவுக்கும் பொழுது போகும். ஊருக்குள் 13 வெந்நீர் ஊற்றுக் குளியல் கூடங்கள், கட்டணமில்லை. உண்டியலில் ஏதாவது போட்டால் போதும். ஆண், பெண் தனித்தனிதான், ஆனால் உடை களைந்தே இறங்க வேண்டும். இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்! தண்ணீர் ரொம்பச் சூடாக இருக்கும், முதலில் ஓரமாக உட்கார்ந்து மொண்டு ஊற்றிப் பழகட்டும்.

தெருக்கள் சரிவு, பனி உறைந்தால் வழுக்கும். விடுதியை அந்த நகரும் நடைபாதைக்குப் பக்கத்திலேயே பாருங்கள். தோட்டத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் அங்கே உதவாது.

அம்மா சைவமென்றால், காய்கறி சூப்பிலும் மீன்சாறு இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.