கிணறு இறங்கியது குவாரியாலா, மழையாலா?

கேள்வி: எங்கள் கிணற்றிலிருந்து 300 மீட்டரில் கிராவல் குவாரி தோண்டுகிறார்கள். அதனால்தான் தண்ணீர் இறங்குகிறது என்கிறோம். மழை குறைவு என்கிறார் குத்தகைதாரர். எப்படி நிரூபிப்பது?
– ஒரு விவசாயி, மதுராந்தகம்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அதனால் அளந்துவிடுங்கள். கிணற்றுச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி. எப்போதும் அங்கிருந்தே அளவு. எடை கட்டிய டேப்பின் அடிப்பகுதியில் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால், நனைந்த நீளம் தெளிவாகத் தெரியும். இறக்கிய நீளத்தில் அதைக் கழித்தால், குறியிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்பது கிடைக்கும். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். இறைத்து முடித்த கிணற்றை அளந்துவிட்டுக் குவாரியைத் திட்டுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு எங்கும் நிற்காது.

அப்புறம், குவாரிக்கு வெகுதூரத்தில் அதே மாதிரி மண்ணுள்ள இன்னொரு கிணற்றையும் அதே நாளில் அளங்கள். மழை குறைந்தால் இரண்டும் இறங்கும். உங்களுடையது மட்டும் கூடுதலாக இறங்கினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மாதம் ஒருமுறை போதும். ஆனால் நவம்பரை மே மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஊரில் மே அளவுக்கு மே அளவுதான் சரி. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று பருவம் பார்த்தே அளக்கிறது.

முக்கியமானது குவாரிப் பள்ளம். அதில் நீர் ஊறி, மோட்டார் வைத்து வெளியேற்றுகிறார்களா? அப்படியென்றால் சுற்றுக் கிணறுகளின் நீர் அந்தப் பக்கம் நகரும். தேதியோடு படம் எடுங்கள். அனுமதித்த ஆழம் எவ்வளவு என்று மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.