பவளக்காலியைப் பற்றி நீங்கள் கேட்டவை

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் இப்போது வலசைக் காலம். ஆங்கிலத்தில் காமன் ரெட்ஷாங்க் என்று சொல்லும் பவளக்காலியைப் பற்றித்தான் இம்முறை அதிகக் கேள்விகள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

ஈசூனிலிருந்து ஓர் அக்கா: பறவை பார்க்கும் குடிலில் அரை மணி நேரம் நின்றேன் தம்பி. எல்லாமே பழுப்பு, எல்லாமே ஒரே மாதிரி. இதில் பவளக்காலி எது?

முதலில் காலைப் பாருங்கள் அக்கா. செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த கால். அலகின் அடிப்பாதியும் அதே நிறம், நுனி மட்டும் கறுப்பு. மேலுடம்பு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெளுப்பு. நீளம் 27 முதல் 29 சென்டிமீட்டர் வரை.

ஆனால் காலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சேற்றில் இறங்கி நடந்த பறவைக்குக் கால் கறுப்பாகத்தான் தெரியும். இளம் பறவைக்குக் கால் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். வெயில் எதிரே இருந்தால் எந்த நிறமும் பிடிபடாது. அதனால் பறக்கும்வரை பொறுத்திருங்கள். இறக்கையை விரித்ததும் பின்விளிம்பு முழுக்க அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். முதுகிலும் ஒரு வெள்ளை ஆப்பு மேல்நோக்கி ஏறும். உட்கார்ந்திருந்தவரை கண்ணில் படாத வெள்ளையெல்லாம் ஒரே நொடியில் வெளியே வரும். டெரெக் உள்ளான் என்ற இன்னொரு கரைப்பறவைக்கும் இறக்கை ஓரத்தில் வெள்ளை உண்டு. ஆனால் அது சிறியது, கால் குட்டை, அலகு மேல்நோக்கி நன்றாக வளைந்திருக்கும்.

குரலையும் பழகிக்கொள்ளுங்கள். "த்யூ... ஹு-ஹு" என்று முதல் ஒலி நீண்டு, அடுத்த இரண்டும் இறங்கி வரும். ஆள் அரவம் கேட்டால் கரையில் முதலில் கத்துவது பெரும்பாலும் இதுதான். கத்துவதற்கு முன் தலையையும் உடம்பையும் வெடுக் வெடுக்கென்று ஆட்டும். அந்த ஆட்டத்தைக் கண்டால் இருந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

சுவா சூ காங்கிலிருந்து ஒரு தம்பி: பச்சைக்காலியோடு குழப்பிக்கொள்கிறேன் அண்ணே.

பச்சைக்காலி கொஞ்சம் பெரியது, உடம்பு இன்னும் வெளிர். அலகு தடிமனாகத் தொடங்கி லேசாக மேல்நோக்கி வளையும். பறக்கும்போது முதுகில் வெள்ளை தெரியும், இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளை இருக்காது. இது ஒன்றே போதும். "ட்யூ-ட்யூ-ட்யூ" என்று மூன்றும் ஒரே அழுத்தத்தில் கணீரென்று ஒலித்தால் அது பச்சைக்காலி.

அதே தம்பி: அப்படியென்றால் நெடுங்கால் உள்ளான்? அதற்கும் சிவப்புக் கால்தானே?

இளஞ்சிவப்பு. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம். அலகு ஊசி மாதிரி, முழுக்கக் கறுப்பு. ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

கிளமெண்டியிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாயில் தனியாக ஒரு சின்னப் பறவை, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிறது. பவளக்காலியா?

இல்லை, அது சாதாரண உள்ளான். தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்பு இருக்கும், கவனியுங்கள். பவளக்காலிக்குக் கடலோரச் சேறு வேண்டும். சாதாரண உள்ளானுக்குச் சிமெண்ட் கால்வாயே போதும். அதுவும் வலசை வந்த விருந்தாளிதான்.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் ஆசிரியை: இவை சைபீரியாவிலிருந்து வருவதாக மாணவர்களிடம் சொல்கிறேன். சரிதானே?

கரைப்பறவைகள் பலவற்றுக்கு அது சரி. ஆனால் நம்மிடம் வரும் பவளக்காலிகளுக்குத் தாயகம் திபெத்-சிங்காய் பீடபூமி. இதைக் கண்டுபிடித்ததே சிங்கப்பூரில் நடந்த வேலை. அதனால் இதை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள்.

சுங்கை பூலோவில் வலைவிரித்துப் பிடித்த பறவைகளுக்கு ஒளியை அளக்கும் மிகச் சிறிய கருவியைப் பொருத்தி விட்டார்கள். சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் அது பதிந்துவைக்கும். அதிலிருந்து பறவை எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தது என்று கணக்குப் போடலாம். ஒரு சிக்கல்: அந்தக் கருவி தகவலை அனுப்பாது, அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் படிக்க முடியும். பறவைகள் அடுத்த பருவத்தில் அதே சேற்றுக்குத் திரும்பி வந்ததால்தான் அது நடந்தது. இதோடு செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவிகளையும் பயன்படுத்தினார்கள். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. பவளக்காலிகளில் சில இமயமலையைத் தாண்டியே பீடபூமிக்குப் போகின்றன. பீடபூமியின் மேற்கே கூடு கட்டுபவை மலையைக் கடக்கின்றன, கிழக்கே கட்டுபவை இமயத்துக்குக் கிழக்கே சுற்றிப் போகின்றன.

இமயத்தைக் கடக்கும் பறவை என்றால் பட்டைத்தலை வாத்தைத்தான் எல்லோரும் சொல்வோம். அது இரண்டு கிலோவைத் தாண்டும் பறவை. பவளக்காலி ஓர் ஆப்பிளின் எடைகூடத் தேறாது. சுங்கை பூலோவில் சேறு கிளறிக்கொண்டிருந்த அந்தச் சின்ன உடம்பு சில வாரங்களில் உலகத்தின் மிக உயரமான மலைத்தொடரைத் தாண்டியிருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

பொங்கோலிலிருந்து ஒருவர்: பிள்ளைகளோடு இரண்டு தடவை போனோம், ஒன்றையும் காணோம். எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

கடிகாரத்தை விடுங்கள், கடலைப் பாருங்கள். கரைப்பறவையின் நாள் ஓதத்தின்படிதான், அதாவது கடல் ஏறி இறங்கும் கணக்குப்படிதான் நடக்கும்.

கடல் வற்றும்போது சேற்றுப் பரப்பு அகலமாக வெளியே வரும். புழு, சிறு நண்டு, சிப்பி எல்லாம் அப்போதுதான் எட்டும். பகலோ இரவோ, பறவைகள் பரவிப்போய் மேய்ந்துகொண்டிருக்கும். பைனாகுலரில்கூடப் புள்ளியாகத்தான் தெரியும். கடல் ஏற ஏறச் சேறு மூழ்கும். நிற்க இடமில்லாமல் எல்லாம் கூட்டமாக உள்ளே வரும். சுங்கை பூலோவின் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். மதகுகளை வைத்து அங்கே நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்த முடிகிறது. அதனால் வெளியே கடல் ஏறியிருக்கும்போதும் உள்ளே ஆழமில்லாத இடம் கிடைக்கிறது. உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்க் குடிலில் உட்காருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம், பறவையும் நெருங்கி வரும். சதுப்புநில மரக்கிளைகளையும் பாருங்கள், பவளக்காலி கிளையிலும் ஏறி நிற்கும்.

அங்கே அவை ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகி உறங்குவதைப் பார்க்கலாம். காலில் அடிபட்டதோ என்று பிள்ளைகள் பதறுவார்கள். ஒன்றும் இல்லை, உடம்புச் சூடு வீணாகாமல் இருக்க மற்றக் காலை மடக்கி வைத்திருக்கிறது.

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்து. நுழைவுக் கட்டணம் கிடையாது. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை நல்ல காலம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு புகைப்படக்காரர்: இறக்கை வெள்ளை வேண்டும் என்றீர்கள். கைதட்டிக் கிளப்பினால் தப்பா?

தப்புதான். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓய்வெடுக்கும் இந்தச் சில மணி நேரத்தில்தான் தின்றது உடம்பில் ஒட்டும். கிளம்புவதற்கு முன் சேரும் கொழுப்புதான் அந்த நெடும் பயணத்துக்கு எரிபொருள். ஒவ்வொரு முறை கலைந்து பறக்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. கடல் இறங்கத் தொடங்கும் நேரத்தில் காத்திருங்கள், தாமாகவே எழுந்து சேற்றுக்குப் போகும். உங்களுக்கு வேண்டிய படம் அப்போது கிடைக்கும்.

பீஷானிலிருந்து ஒரு பெரியவர்: எனக்கு வேதாரண்யம் பக்கம். கோடியக்கரையில் சின்ன வயதில் பார்த்த செங்கால் பறவை இதுதானா தம்பி?

இதே இனம்தான் ஐயா. கோடியக்கரை உப்பளங்களுக்கும் சதுப்புக்கும் பவளக்காலி குளிர்காலத்தில் வருகிறது. அங்கேயும் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இடுகிறார்கள். சிங்கப்பூரில் பிடித்து விடுவிக்கும் பறவைகளின் காலில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னக் கொடிகள் இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு நிறச் சேர்க்கை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கோடியக்கரைக் கூட்டத்தில் கால்களைக் கவனித்துப் பாருங்கள். கொடி தென்பட்டால் நிறத்தையும், எது மேலே எது கீழே என்பதையும், எழுத்து இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதினால் உரிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன்.

தெம்பனிஸிலிருந்து ஒரு மாணவி: இந்த இடத்தை யார் காப்பாற்றினார்கள்?

1986இல் பறவை பார்க்கப் போன மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் இங்கே வரும் பறவைகளைக் கண்டு, பாதுகாக்கும்படி அரசாங்கத்திடம் கோரினார்கள். 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993இல் திறந்தார்கள். 2002இல் சட்டப்படி சதுப்புநிலக் காப்பகமானது. அருகிலுள்ள மண்டாய் சேற்றுப் பரப்பையும் காக்க 2018இல் முடிவாயிற்று. பறவைகளுக்கு இது முக்கியம். தூங்குவது பூலோவில் என்றாலும் அவற்றில் பல தின்பது மண்டாயில்தான். ஒன்று போனால் மற்றதும் பயன்படாது.

அவருடைய தம்பி, வயது எட்டு: இங்கே முட்டை போடுமா?

போடாது கண்ணா. முட்டையெல்லாம் அந்தத் திபெத் பீடபூமிப் புல்வெளியில், தரையில்தான். பெரும்பாலும் நான்கு. மேலே புல்லை இழுத்துக் கூரை மாதிரி மூடிவைக்கும். குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்திலேயே ஓடி, தானே இரை தேடும். பெரிய பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் அப்புறம், அப்பா அம்மா இல்லாமலேயே வழி கண்டுபிடித்து இங்கே வந்து சேரும்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்: ஜூன் மாதத்தில் ஒன்றைப் பார்த்தேன். நோயாளிப் பறவையோ?

பெரும்பாலும் இல்லை. முதல் வருடப் பறவைகளில் சில வடக்கே போகாமல் கோடையை இங்கேயே கழித்துவிடும். ஜூலை கடைசியில் பார்த்திருந்தால் அது திரும்பி வந்த முதல் ஆளாகவும் இருக்கலாம். மார்பில் அடர்ந்த பழுப்புக் கோடுகள் இருந்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் கூடு கட்டும் காலத்து இறகு அது, பீடபூமியிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது.