அனல்மின் நிலையக் கருத்துக்கேட்புக் கூட்டம்: போவதா, வேண்டாமா?

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருக்கிறோம். இறாலும் நண்டும்தான் பிழைப்பு. ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை, வீட்டில் எல்லோரும் ஓட்டுப் போட்டுவிடுவோம். ஆனால் காயப்போட்ட துணியில் சாம்பல் படிவது மட்டும் நிற்கவில்லை. கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது பக்கத்தில் இன்னொரு அனல்மின் அலகு வரப்போகிறதாம். கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. முன்பு ஒருமுறை இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனோம். ஊரே வேண்டாம் என்றது, அப்படியும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இந்த முறை போகத்தான் வேண்டுமா? பேசாமல் தேர்தலில் நோட்டாவுக்குக் குத்திவிட்டு இருந்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: நோட்டாவை முதலில் முடித்துவிடுவோம். 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த பொத்தான் அது. சட்டமன்றத் தேர்தலில் தொகுதியில் பாதிப் பேர் அதை அழுத்தினாலும், மீதி ஓட்டில் அதிகம் வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. உங்கள் கோபம் ஓர் எண்ணாகப் பதிவாகும், அவ்வளவுதான். சாம்பலைப் பற்றி முடிவெடுக்கும் அலுவலகங்களில் அந்த எண்ணை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஓட்டுப் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்ற உங்கள் அலுப்பு நியாயமானது. அதற்குக் காரணமும் இருக்கிறது. மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருக்கிறது, டெல்லிக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. நிலக்கரி அலகு 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி தருவது டெல்லியில் உள்ள மத்திய அமைச்சகம். அதற்குப் பரிந்துரை செய்வது ஒரு நிபுணர் குழு, அதில் யாரும் ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை. நிலையத்தை ஓட்டுவதற்கான இசைவாணை தருவது தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். வடசென்னை அனல்மின் நிலையத்தை நடத்துவதும் மாநில அரசின் நிறுவனம், அதைக் கண்காணிக்க வேண்டிய வாரியமும் மாநில அரசுடையது. வீட்டுக்காரரே வாடகைத் தகராறுக்கு நாட்டாமை ஆன மாதிரி. இதில் உங்கள் கவுன்சிலர் கையெழுத்துப் போடும் இடம் எதுவுமே இல்லை. எம்.எல்.ஏ. குரல் கொடுக்கலாம், மனு கொடுக்கலாம். முடிவு அவர் கையில் இல்லை.

இந்தச் சங்கிலியில் சட்டப்படி உங்களைக் கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்றுதான், அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதனால் போங்கள். ஆனால் போன தடவை போன மாதிரி போகாதீர்கள்.

போன தடவை என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது. இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஷாமியானா போட்டிருப்பார்கள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில், காலையிலேயே வேனில் வந்து இறங்கிய, நமக்கு முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நிறுவனத்தின் தரப்பில் ஒருவர் படம் போட்டுக் காட்டி அரை மணி நேரம் பேசுவார், கைதட்டல் விழும். அப்புறம் நம் ஆட்கள் மைக்கைப் பிடித்து, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவார்கள். ஒருவர் அழுவார். மதியம் பிரியாணிப் பொட்டலம் வந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். கடைசியில் மேடையில் ஓர் அதிகாரி எதையோ படிப்பார், கேட்க ஆள் இருக்காது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கருத்துக்கேட்பு ஒரு வாக்கெடுப்பு அல்ல. நூறு பேர் வேண்டாம், பத்துப் பேர் வேண்டும் என்றால் திட்டம் தோற்றுவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்குகூடக் கிடையாது. தலையை எண்ண மாட்டார்கள். எழுப்பப்பட்ட ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பதைத்தான் பார்க்க வேண்டும். "வேண்டாம்" என்பதற்குப் பதில் எழுத ஒருவருக்கும் சிரமம் இல்லை. "வேலைவாய்ப்பு பெருகும், மக்கள் நலன் கருதப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

பதில் எழுதச் சிரமமான கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்க வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்கும். அதன் சுருக்கம் தமிழில் இருந்தே ஆக வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் போகும். முழுவதையும் படிக்க வேண்டாம், கல்லூரி போகும் பிள்ளை ஒருவரை உட்கார வைத்து மூன்று இடங்களை மட்டும் தேடச் சொல்லுங்கள்: மாதிரி எடுத்த மாதங்கள், உங்கள் ஊர்ப் பெயர், சாம்பல் போகும் இடம்.

முதலில் மாதங்கள். காற்று, நீர் மாதிரிகளை வழக்கமாக மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுப்பார்கள். உங்கள் கழிமுகத்துக்குச் சாம்பலும் எண்ணெயும் எப்போது வருகின்றன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகும் வலையும் கறுத்துப்போனதை ஊர் மறந்திருக்காது. கோடையில் எடுத்த மாதிரியை வைத்துக் கொசஸ்தலையாற்றின் வெள்ளக்கால நிலைமையைச் சொல்ல முடியுமா?

அடுத்தது உங்கள் ஊர். பத்து கிலோமீட்டர் சுற்றளவு வரைபடத்தில் உங்கள் குப்பம் இருக்கிறதா, மீன்பிடிப்பு பற்றி எத்தனை பக்கம், இறால் பற்றி ஒரு வரியாவது உண்டா என்று பாருங்கள். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை "மீனவர்" கணக்கிலேயே சேர்க்காத அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சாம்பல். நம் நாட்டு நிலக்கரியில் 100 டன் எரித்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சும். அது எங்கே போகும், குழாயிலா லாரியிலா, சாம்பல் குட்டையில் இடம் இருக்கிறதா? 2021 டிசம்பர் 31 அறிவிக்கைப்படி சாம்பல் முழுவதையும் சிமென்ட், செங்கல், சாலை என்று எதற்காவது பயன்படுத்தியாக வேண்டும். மிஞ்சினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் அலகுகள் இதைச் செய்கின்றனவா என்று கேளுங்கள். வடசென்னை நிலையத்தின் மூன்று கட்டங்களும் வல்லூர் அனல்மின் நிலையமும் சேர்த்து 4,000 மெகாவாட்டுக்கு மேல் உங்களைச் சுற்றி இருக்கின்றன. புதிய அலகின் புகையை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் எல்லாம் அளவுக்குள்தான் தெரியும்.

இப்போது எழுதுவது எப்படி என்று ஓர் உதாரணம். "எங்கள் வாழ்வாதாரம் அழியும்" என்று எழுதினால் நெஞ்சைத் தொடும், கோப்பைத் தொடாது. இப்படி எழுதுங்கள்: "அறிக்கையின் இத்தனையாம் பக்கத்தில் நீர் மாதிரி மார்ச் முதல் மே வரை எடுத்ததாக உள்ளது. எங்கள் கழிமுகத்தில் சாம்பல் சேர்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாம்பல் குட்டையின் கரை எந்த நிலையில் இருந்தது? அதே வெள்ளம் மறுபடி வந்தால் புதிய அலகின் சாம்பல் எங்கே நிற்கும்? அறிக்கையில் இதற்குப் பதில் இல்லை." மாதமும் பக்க எண்ணும் உங்கள் அறிக்கையில் உள்ளபடி இருக்கட்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை போதும். பத்து வீட்டார் பத்துப் பிரச்சினையை எழுதினால், ஒரே கடிதத்தில் இருநூறு கையெழுத்து வாங்குவதைவிட நல்லது. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் மனுவை வாங்கும் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

எழுதியதற்கு மதிப்பு உண்டா என்றால், உண்டு. கோவா சுரங்க வழக்கு ஒன்றில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு உண்மையிலேயே பரிசீலித்ததா, ஏற்காவிட்டால் ஏன் என்பதற்கான காரணம் பதிவில் தெரிய வேண்டும் என்றது. கோப்பில் உங்கள் ஆட்சேபம் இருந்தால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

கூட்டத்தன்று தலைமை வகிப்பவர் ஆட்சியர், அல்லது கூடுதல் ஆட்சியர் தகுதிக்குக் குறையாத ஒருவர். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில் அதிகாரி படிக்கும் அந்தக் காகிதம்தான் கூட்டத்திலேயே முக்கியமானது. யார் யார் என்ன சொன்னார்கள் என்ற தொகுப்பு அது. தமிழில் விளக்கிப் படித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும். உங்கள் ஊரில் நாலு பேராவது அதுவரை எழுந்திருக்கக் கூடாது. "இறால் பற்றிச் சொன்னது விட்டுப்போச்சு, சேருங்க" என்று அப்போதே நின்று கேட்கலாம், கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் அது வெறும் புகார். பிரியாணி எங்கேயும் ஓடிப்போகாது.

இத்தனையும் செய்தும் அனுமதி கொடுத்துவிடலாம். பெரும்பாலும் கொடுப்பார்கள், உங்களிடம் வேறு மாதிரிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அப்போது உங்கள் கையில் ஒரு வழக்கு இருக்கும். அனுமதி பொதுவில் அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள். தொண்ணூறு தாண்டினால் கதவு மூடிவிடும், எத்தனை நியாயம் இருந்தாலும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பலரும் அனுமதி வந்ததே தெரியாமல் இந்த நாட்களைக் கோட்டை விடுகிறார்கள். அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

துணியில் படியும் இன்றைய சாம்பல் தனிக் கதை. அதற்குப் புதிய கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சாம்பல் குழாய் உடைந்தது, ஆற்றில் கொட்டியது என்றால் ஆறு மாதத்துக்குள் அதே தீர்ப்பாயத்துக்குப் போகலாம், இழப்பீடு கேட்க ஐந்து வருடம் வரை நேரம் உண்டு. மீனவர்கள் போன வழக்கில்தான் 2022-ல் எண்ணூரில் சாம்பல் படிந்த இடங்களைச் சீரமைக்க உத்தரவு வந்தது. உத்தரவு வந்த வேகத்தில் வேலை நடக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும், "ஏன் நடக்கவில்லை" என்று இன்றைக்குக் கேட்க அந்தக் காகிதம்தான் ஆதாரம். அதோடு, ஒவ்வொரு நிலையமும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை, அனுமதி நிபந்தனைகளை எப்படிப் பின்பற்றுகிறோம் என்று அறிக்கை தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதைக் கேளுங்கள். "சாம்பல் கசிவு இல்லை" என்று அதில் எழுதியிருக்கும் அதே மாதத்தில், தேதி தெரிகிற மாதிரி நீங்கள் எடுத்த போட்டோ இருந்தால் அதற்கு மேல் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. தவணை மேல் தவணையாகத் தள்ளி, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அலகுகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அலகுகளுக்கு விலக்கு இல்லை. உங்கள் பக்கத்து அலகுகள் எந்தப் பிரிவு என்பதைக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். இப்போதைய கட்டணத்துக்கு அடிப்படை 2022 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவு. விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் ஏற்றிக்கொள்ளலாம் என்று 2026-27 வரைக்கும் அதிலேயே எழுதிவிட்டார்கள். அதனால்தான் 2024-ல் 4.83 சதவீதம் ஏறியபோது உங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டது 2022 ஆகஸ்டில், கோவை, மதுரை, சென்னை என்று மூன்று கூட்டங்களில். கட்டணத்தை மாற்றக் கேட்டு ஆணையத்துக்கு அடுத்த மனு வரும்போது பேப்பரில் விளம்பரம் வரும், தபாலிலேயே ஆட்சேபம் அனுப்பலாம். புதிய அலகு கட்டும் செலவும் ஒருநாள் இந்தக் கட்டணக் கணக்கில்தான் வந்து உட்காரும்.

சரி, ஓட்டு? போடுங்கள். வேட்பாளர் உங்கள் தெருவுக்குள் வரும்போது, "சாம்பலுக்கு என்ன செய்வீங்க" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் நல்ல பதில் வைத்திருப்பார்கள். "மாசு கட்டுப்பாட்டு வாரியம் இந்த நிலையத்துக்கு இசைவாணையைப் புதுப்பித்தது எப்போது, என்ன நிபந்தனையோடு?" என்று கேளுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பேப்பரை எடுத்து, விளம்பரம் வந்த தேதியிலிருந்து கூட்டத் தேதி வரை விரல் விட்டு எண்ணுங்கள். மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தந்தாக வேண்டும். அவ்வளவு நாள் இல்லை என்றால், உங்கள் முதல் மனு அதைப் பற்றித்தான்.