அத்தையைக் கேட்காமல் தாத்தாவின் தேதி கிடைக்காது

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் என் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருக்கு என் அப்பாவும் அத்தையும்தான் பிள்ளைகள். பாட்டி இறந்து பல வருடமாகிறது. அப்பாவும் போன வருடம் தவறிவிட்டார். பட்டாவை என் பெயருக்கு மாற்றப் போனால் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். எம்.ஜி.ஆர். இறந்த மார்கழியில்தான் தாத்தாவும் போனார் என்று அம்மா சொல்கிறார். கடைசியில் மதுரை பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்களாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1987 ஏட்டைப் புரட்டிவிட்டு, பதிவு இல்லை என்றார்கள். அத்தைக்குத் தேதி தெரியும். வருடா வருடம் அந்த நாளில் தாத்தா படத்துக்குப் படையல் போடுகிறவர் அவர். ஆனால் நிலம் சம்பந்தப்பட்டது என்பதால் அவரை இதில் இழுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஏஜென்ட் ஒருவர் ஏதாவது ஒரு தேதி போட்டு முடித்துத் தருகிறேன் என்கிறார். பேரன் நான் கேட்டால் சான்றிதழ் தருவார்களா? என்ன வழி?
- வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: தம்பி, சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் பழகிப்போனவை. பாதிக் கடிதங்களில் எங்கேயாவது ஒரு ஓரத்தில் ஒரு அத்தையோ, ஒரு அக்காவோ, கட்டிக்கொடுத்த தங்கையோ இருப்பார். உங்கள் கடிதத்திலும் இருக்கிறார். வருடா வருடம் படையல் போடுகிறவர் என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவரை இதில் இழுக்க வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் சிக்கல் மொத்தமும் அந்த இரண்டு வரிகளில் இருக்கிறது.

பேரனுக்குத் தருவார்களா என்று கேட்டீர்கள். தருவார்கள். 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பதிவைத் தேடச் சொல்லி நகல் வாங்கலாம். இறப்புக்கான காரணத்தை மட்டும் நகலில் காட்டக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் என்றால் உங்கள் அத்தையும்தான். நாளைக்கே அவர் போய் வாங்கி வரலாம், உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 1987 ஏட்டுக்கு வருகிறேன். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. அது மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள். அந்த மார்கழி ஜனவரி பாதிவரை ஓடியது. பதிவேடோ ஆங்கில வருடக் கணக்கில் போகிறது. உங்கள் தாத்தா ஜனவரி முதல் வாரத்தில் போயிருந்தால் 1987 ஏட்டில் அவர் பெயர் எப்படி இருக்கும்? டிசம்பர் கடைசியில் போயிருந்தாலும், காரியமெல்லாம் முடித்துவிட்டு ஜனவரியில் போய்ச் சொல்லியிருந்தால், பதிவு 1988 ஏட்டில்தான் ஏறியிருக்கும். தேடுதல் கட்டணம் வருடத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். நீங்கள் ஒரு வருடத்தைச் சொன்னீர்கள், அவர்களும் அந்த ஒரு வருடத்தைப் பார்த்தார்கள். அந்தக் குமாஸ்தா மேல் தப்பே இல்லை.

அடுத்தது இடம். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் எந்த ஊர்க்காரர், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதை வைத்துப் பதிவு நடக்காது. உயிர் எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிவு. பெரியாஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தால் உங்கள் ஊர் ஏட்டை நூறு தடவை புரட்டினாலும் பயனில்லை. மதுரை மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில், இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் கைவிரித்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்து, வாயில் பால் ஊற்றி வழியனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அப்படி நடந்திருந்தால் கிராம ஏட்டில் இருக்கும். கிராமங்களில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். எழுதி முடித்த ஏடுகள் தாலுகா அலுவலகத்துக்குப் போய், பழையவை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து சேரும். வரும் வழியில் காரிலேயே உயிர் போயிருந்தால் அது இன்னொரு கணக்கு. வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி. சமீப வருடத்துப் பதிவு என்றால் இணையத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம். உங்களுக்கு ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா, வழியிலா? உங்கள் அம்மா மருமகள். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்திருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது மகளாகத்தான் இருக்கும். அத்தையிடம் கேட்டால் தேதி வரும், இடம் வரும், ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்தப் பெயரைச் சொல்லிச் சேர்த்தார்கள் என்பதும் வரும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஊருக்குள் கூப்பிட்ட பெயர் ஒன்று, பத்திரத்தில் இருக்கும் பெயர் ஒன்று என்று வாழ்ந்த தலைமுறை அது. அவர் திதி பார்த்துப் படைக்கிறவர் என்றால் இங்கிலீஷ் தேதி நினைவில் இல்லாமல் போகலாம். பரவாயில்லை. மார்கழி, வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று சொன்னால் போதும். அந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எந்த ஜோசியரும் தேதியைச் சொல்லிவிடுவார்.

ஏஜென்ட் விஷயத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பதிவாளரிடம் பொய்த் தகவல் கொடுப்பது அதே சட்டப்படி குற்றம். அதோடு, உண்மையான பதிவு மாநகராட்சி ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் ஒரே மனிதர் இரண்டு தேதிகளில் இறந்தவர் ஆவார். நிலத்தை விற்கப் போகிற அன்றைக்கு வாங்குகிறவரின் வக்கீல் அதைக் கண்டுபிடிப்பார். சட்டத்தை விடுங்கள். உங்களைத் தோளில் தூக்கிச் சுமந்திருக்க வேண்டியவர் செத்த நாளுக்கு, முன்பின் தெரியாத ஒருவன் வாய்க்கு வந்த தேதியைப் போடுவான், நீங்கள் அதற்குப் பணம் எண்ணிக் கொடுப்பீர்களா? இதை எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறுத்தவில்லையா?

அத்தையைத் தவிர்ப்பதற்கு நீங்கள் சொல்லாமல் விட்ட காரணத்தை நான் சொல்கிறேன். தேதியைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். நிலத்துக்கு என்று சொல்ல வேண்டி வரும். கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செய்தாச்சு, இனி அவருக்கு என்ன என்ற பேச்சு உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. சொந்தச் சம்பாத்தியச் சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. தாத்தா உயில் எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை. ஆக, அந்த மூன்று ஏக்கரில் ஒன்றரை உங்கள் அத்தையுடையது. மிச்சம் ஒன்றரை, அதாவது உங்கள் அப்பாவின் பாதி, அதிலும் உங்கள் அம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் சம பங்கு உண்டு. 'என் பெயருக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அம்மாவிடமாவது கேட்டீர்களா?

சான்றிதழ் கையில் வந்ததும் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழுக்குப் போக வேண்டும். அங்கே விசாரணையில் தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அத்தை பெயரை விட்டு எழுதி வாங்கினால் அவர் ஒரு மனு கொடுத்து அதை ரத்து செய்ய வைக்கலாம். பட்டா மாறிவிட்டாலும் பாக வழக்குப் போடலாம். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அது யாருக்கும் சொத்துரிமையைத் தந்துவிடாது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போங்கள். போனில் கேட்காதீர்கள். தேதியை மட்டும் நைசாகக் கறந்துகொண்டு வரவும் பார்க்காதீர்கள், அது ஏஜென்ட் வேலையைவிடக் கேவலம். நிலம் தாத்தா பெயரில் இருக்கிறது, அதில் உங்களுக்கும் பாதி இருக்கிறது, மாற்றுவதற்காகச் சான்றிதழ் தேடுகிறேன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். அப்புறம் தேதியைக் கேளுங்கள்.

அவர் சொல்வதை வைத்து, மாநகராட்சி, சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும், 1987, 1988 இரண்டு வருடங்களுக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். வாய்மொழியாக இல்லை என்று சொன்னதை எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். பதிவு இல்லையென்றால் இல்லை என்று எழுதிய சான்று வாங்குங்கள். அது இருந்தால்தான் அடுத்த படி. ஒரு வருடத்துக்கு மேல் பதியாமல் விட்ட இறப்பை இப்போது பதிய வேண்டுமானால் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். முன்பு இதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் பதியச் சொல்லி உத்தரவு போடுவார்கள். அந்த விசாரணையில் இன்ன நாள், இன்ன இடத்தில், என் கண் முன்னால் என் அப்பா இறந்தார் என்று வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு இருக்கும் ஒரே ஆள் அத்தைதான்.

அவர் தன் பங்கு வேண்டாம் என்று சொல்லக்கூடும். நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில். அதை அன்றைக்கே பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்க நிற்காதீர்கள். அவர் பிள்ளைகளோடு பேசட்டும், சில மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் அதுதான் அவர் மனசு என்றால் சார்பதிவாளர் முன்னால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியுங்கள், செலவு உங்களுடையது. பங்கு வேண்டும் என்றால் சர்வேயரை வைத்து அளந்து, கிணறும் பாதையும் இரண்டு பக்கத்துக்கும் இருக்கிற மாதிரிப் பிரித்துக் கொடுங்கள்.