அலெக்சாண்டர் கடோகன் (1884–1968): கேள்வி பதில்

தேர்வுக்காரி: கடோகன் எந்தக் கட்சி ஐயா? பிரதமர் சேம்பர்லின் அமைச்சரவையில் இருந்தாரா?

அமைச்சரே அல்லம்மா. 1938 ஜனவரி 1 முதல் 1946 தொடக்கம் வரை பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலர். ‘துணை’ என்ற சொல்லைப் பார்த்து இரண்டாம் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அதிகாரிகளில் தலைமை அவர்தான். இந்தியாவில் வெளியுறவுச் செயலர் மாதிரி. ஈடன், ஹாலிஃபாக்ஸ், மறுபடி ஈடன், பெவின் என அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சியும் மாறியது. அவர் அதே பதவியில் இருந்தார்.

பழையபேப்பர்: மற்ற பதவிகள்?

1908-இல் பணியில் சேர்ந்தார். கான்ஸ்டான்டினோபிள், வியன்னா, லண்டனில் சர்வதேச சங்கப் பிரிவு, பிறகு பீக்கிங். 1946–50 ஐ.நா.வில் பிரிட்டனின் நிரந்தரப் பிரதிநிதி. 1952–57 பி.பி.சி. தலைவர்.

வைகைக்கரை: மியூனிக் ஒப்பந்தத்தில் ஹிட்லருக்குப் பணியச் சொன்னவர்தானே?

1938 செப்டம்பரை நாள்நாளாகப் பிரித்துப் பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் சூடட்டன் பகுதியை ஜெர்மனிக்கு ஒழுங்கான முறையில் கைமாற்றலாம் என்பதை அவர் ஏற்றார். ஜெர்மனியின் கோடெஸ்பர்க்கில் சேம்பர்லினைச் சந்தித்த ஹிட்லர் உடனடி ராணுவ நுழைவைக் கேட்டதும், இதை ஏற்கக் கூடாது என்று நின்றுவிட்டார். 24-ஆம் தேதி இரவு வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸிடம் கடுமையாக எடுத்துச் சொன்னார். ஹாலிஃபாக்ஸ் தூக்கமின்றிக் கிடந்து, மறுநாள் அமைச்சரவையில் சேம்பர்லினுக்கு எதிராகப் பேசினார். ஓர் அதிகாரியின் சொல் கொள்கையைத் திருப்பிய அபூர்வமான இடம் இது.

கப்பற்காரன்: அட்லாண்டிக் சாசனத்தை எழுதியது ரூஸ்வெல்ட், சர்ச்சில். இவருக்கு அதில் என்ன பங்கு?

போருக்குப் பிந்தைய உலகம் பற்றிய அந்தப் பிரிட்டிஷ்–அமெரிக்கக் கூட்டறிக்கையின் முதல் வரைவு இவருடையது. 1941 ஆகஸ்ட் 10 காலை, நியூஃபவுண்ட்லாந்தின் பிளசென்ஷியா விரிகுடாவில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலில் ஐந்து அம்சங்களாக எழுதினார். சர்ச்சில் கைவைத்துத் திருத்தினார். அமெரிக்கத் தரப்பில் வெளியுறவுத் துறை அதிகாரி சம்னர் வெல்ஸ் வேறு வரைவு கொடுத்தார். 14-ஆம் தேதி வெளியானபோது எட்டு அம்சங்கள்.

கப்பற்காரன்: அப்படியானால் இறுதி வடிவம் அமெரிக்கர்களுடையது என்றுதானே ஆகிறது?

ஆகாது. வணிக அம்சத்தைப் பாருங்கள். வெல்ஸ் பாகுபாடற்ற வணிகம் கேட்டார். 1932 ஒட்டாவா ஒப்பந்தங்களில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் தமக்குள் கொடுத்துக்கொண்ட வரிச் சலுகைகள் அதில் அடிபடும். ‘நடப்பிலுள்ள கடமைகளை மதித்து’ என்ற தொடர் நுழைந்து அந்தச் சலுகைகளைக் காப்பாற்றியது. சமூகப் பாதுகாப்பு பற்றிய ஐந்தாவது அம்சம் லண்டன் போர் அமைச்சரவை கேட்டு வாங்கியது.

மலைக்கோட்டை: மூன்றாவது அம்சம் இந்தியாவுக்கும்தானே?

அதன் சொற்களில்தான் சண்டையே. எல்லா மக்களும் தம் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது கடோகன் வரைவிலேயே உண்டு. அதற்கு எல்லை போடவில்லை. ‘பலவந்தமாகப் பறிக்கப்பட்டவர்களுக்கு இறைமையும் சுயாட்சியும் திரும்ப வேண்டும்’ என்பது பின்னால் ஒட்டப்பட்டது. 1941 செப்டம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில், இது முதன்மையாக நாஜிகளின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளைப் பற்றியது, இந்தியா வேறு விஷயம் என்றார். முதல் பாதி அவரைக் கட்டிப்போடுகிறது, இரண்டாம் பாதியில் அவர் ஒதுங்கிக்கொண்டார். என் கருத்தில், எழுதப்பட்ட சொல் மலைக்கோட்டையின் பக்கம்தான்.

கப்பற்காரன்: கையெழுத்திட்ட மூலப்பிரதி எங்கே?

கிடையாது. அறிக்கையாக வெளியிட்டார்கள், அவ்வளவே.

புதுவரவு: இவர் எந்தக் கட்சி அமைச்சர்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நெய்தல்: ஐ.நா.வில் 1948 காஷ்மீர் விவாதத்தில் இவர் பங்கு?

பிரிட்டிஷ் தரப்பை முன்னின்று நடத்தியவர் அமைச்சர் நோயல்-பேக்கர். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆய்வுமாணவன்: கடோகன் எழுதிய நாட்குறிப்பை ஆய்வேட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

அச்சில் வந்தது 1938–45-க்கான தேர்வு. கையெழுத்துப் பிரதிகள் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரி ஆவணக்காப்பகத்தில் உள்ளன. நாட்குறிப்பில் சக மனிதர்களைக் காய்ச்சி எடுப்பார். அதே விஷயத்தில் கோப்பில் நிதானமாக எழுதுவார். ஒரு வரியைப் பிடுங்கி, அதுவே அலுவலகத்தின் கொள்கை என்று எழுதிவிடாதீர்கள். அதே தேதியின் எஃப்.ஓ. 371 (வெளியுறவு அலுவலகக் கடிதப் போக்குவரத்து வரிசை) கோப்பை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் எடுங்கள். குறிப்புகளை இளநிலை அதிகாரியிலிருந்து வரிசையாக மேலே படியுங்கள். கடோகன் கடைசியில்தான் வருவார். கீழே எழுதியதை அவர் எங்கே வெட்டினார், எதை அப்படியே விட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வாசகன்77: வான்சிட்டார்ட்டும் இவரும் ஒரே பதவியா?

அவருக்கு அடுத்து வந்தவர் இவர். வான்சிட்டார்ட்டுக்குத் தலைமை ராஜதந்திர ஆலோசகர் என்று புதுப்பதவி கொடுத்து ஓரங்கட்டினார்கள்.

தென்றல்: அமைச்சராக இருந்தபோது இவர்...

அமைச்சர் அல்ல.