கள்ளை விட்டதால் சூடு ஏறுமா?

ஐயா, வணக்கமுங்க. என் வீட்டுக்காரருக்கு 44 வயசு, செங்கல் சூளையில் வேலை. பதினஞ்சு வருசமா மத்தியானம் கள்ளு, சாயங்காலம் ஒரு குவார்ட்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்தி இன்னைக்கு 16 நாள். போன சித்திரை வெயிலில் அசையாம நின்னவர், நேத்து சூளைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் தலை சுத்தி உக்காந்துட்டார். ராத்திரி பாய் நனையற அளவுக்கு வேர்க்குது. ‘கள்ளு குளுமை, விட்டதால சூடு ஏறிடுச்சு, கொஞ்சம் குடு’ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. பிரஷர் மாத்திரையும் சாப்பிடறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

கொடுக்காதீர்கள். கள்ளானாலும் பிராந்தியானாலும் உள்ளே போவது ஒரே சரக்குதான். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை அது அடக்கிவிடும். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமுக்கு ஏறக்குறைய 100 மில்லி வீதம், அரை லிட்டருக்கு மேல் நீர் கூடுதலாக வெளியே போயிருக்கும். வறண்ட உடம்போடுதான் இத்தனை வருடம் காலையில் சூளைக்குப் போயிருக்கிறார். அப்போதும் தலை சுற்றியிருக்கும். ‘நேத்துக் குடிச்சது’ என்று அதன்மேல் பழியைப் போட்டிருப்பார்.

இரவு வியர்வை, குடிக்குப் பழகிய நரம்புகள் அடங்க எடுக்கும் நேரம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். கூடவே மாலைக் காய்ச்சலோ, விடாத இருமலோ, எடை குறைவோ இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் 16 நாள் கள்ளை மட்டுமா விட்டிருந்தார்? வெயிலையும் விட்டிருந்தார். உடம்பு சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகினால்தான் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். ஒரு வாரம் விலகியிருந்தாலே அந்தப் பழக்கம் கரையத் தொடங்கும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெயிலில் முதல் நாளே முழு வேலை கூடாது. எட்டு மணி நேர வேலையென்றால் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் போதும், அதுவும் விடியற்காலையில். பிறகு தினம் ஒன்றரை மணி கூட்டலாம். தலை சுற்றிய மறுநாள் கூட்டக் கூடாது.

வேலையின்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். இளநீரிலும் சோடியம் குறைவுதான். உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணி நல்லது. அதிகம் வேர்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் என்றால் அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிஞ்சிவிடும். வயிறோ காலோ வீங்கியிருந்தால் ஈரல் கெட்டிருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பெல்லாம் வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் அந்தப் பிரஷர் மாத்திரைமேல்தான். குடியை நிறுத்திய சில வாரங்களில் பிரஷர் தானாகவே இறங்கும். பழைய அளவு மாத்திரை, அதோடு வியர்வை. எழுந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்றாவது நிமிடம் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடி ஆசைக்கு டோபிராமேட் கொடுத்திருக்கிறார்களா என்று அட்டையில் பாருங்கள். அது சிலருக்கு வியர்வையையே குறைத்துவிடும். சூளை வேலை என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்தியது நல்ல காரியம். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே சட்டென்று நிறுத்த நினைப்பவர்களுக்கு: முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சல், நடுக்கம், உளறல் வந்தால் வெயில் பட்டது என்று தண்ணீரை ஊற்றிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். உளறல் வந்தால், வெயிலால் ஆனாலும் குடியை விட்டதால் ஆனாலும் 108தான்.

கேரளத்தில் கோடையில் 12 முதல் 3 வரை வெயில் வேலைக்கு ஓய்வு உண்டு. அந்த நேரத்துக்குச் சூளைக்குப் பக்கத்து நிழல் பெரும்பாலும் கள்ளு ஷாப்பாகத்தான் இருக்கும். தூக்குப் போசியை வேறு பக்கத்து மரத்தடியில் வைக்கச் சொல்லுங்கள்.