நொதியை பாட்டிலில் விற்கிறார்களாம்! – கேள்வி-பதில்

மழை விட்ட மறுநாள் தக்காளி இலைகள் தொங்குகின்றன. வயலில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் இருந்தும் வாட்டமா? – திண்டுக்கல்

அது வாட்டமல்ல. மூச்சுமுட்டும் வேரில் ஏசிசி சேர்கிறது; நெருக்கடியில் செடி உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு அதுதான் மூலப்பொருள். அதை எத்திலீனாக்க ஆக்சிஜன் வேண்டும். வேரில் அது இல்லை. ஏசிசி தண்டு வழியாக மேலேறி, இலையில் எத்திலீனாகிறது. காம்பின் மேற்புறம் கீழ்ப்புறத்தைவிட வேகமாக நீள்வதால் இலை கீழ்நோக்கி வளைகிறது. முதலில் தண்ணீரை வடியுங்கள். ஏசிசியை உடைக்கும் பாக்டீரியா முன்பே வேரில் குடியேறியிருந்தால்தான் கைகொடுக்கும்.

'ஸ்ட்ரெஸ் என்சைம்' லிட்டர் 900 ரூபாய். பாக்டீரியா கிடையாது, சுத்தமான ஏசிசி டீஅமினேஸ் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – தேனி

வாங்காதீர்கள். இதே கேள்வி மாதாமாதம் வருகிறது, எனக்கும் மாதாமாதம் கோபம் வருகிறது. ஏசிசியை உடைக்கும் இந்த நொதி பாக்டீரியா செல்லுக்குள் இருந்து வேலை செய்வது. வேரிலிருந்து கசியும் ஏசிசியை பாக்டீரியா உள்ளே இழுத்து, அம்மோனியாவாகவும் ஆல்ஃபா கீட்டோபியூட்டிரேட்டாகவும் உடைத்து, தன் உணவாக்கிக்கொள்கிறது. வெளியே ஏசிசி குறையக் குறைய வேர் மேலும் கசியவிடும். செடிக்குள் எத்திலீன் மட்டுப்படும். 1978-இல் ஜப்பானியர் சூடோமோனாஸ் ஒன்றில் கண்டறிந்த நொதி இது. செடிக்கு அது உதவும் விதத்தை 1998-இல் கனடாவின் கிளிக் குழுவினர் விளக்கினார்கள். இரண்டிலும் கதாநாயகன் உயிருள்ள பாக்டீரியாதான். செல் இல்லாத நொதியை மண்ணில் ஊற்றினால், மற்ற நுண்ணுயிர்களுக்குப் புரதத் தீனி போட்டதாகும், அவ்வளவே. 900 ரூபாய்க்குத் தொழு உரம் வாங்குங்கள். காசு கொடுப்பதானால் உயிருக்குக் கொடுங்கள்: அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி, திரவமானால் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்களாவது இருக்க வேண்டும் என்பது அரசின் தரம். லேபிளில் செல் எண்ணிக்கையும் காலாவதி தேதியும் இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

பிபிஎஃப்எம் கரைசலுடன் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து அடிக்கலாமா? – ஈரோடு

பிபிஎஃப்எம் என்பது இலையில் வாழும் நல்ல பாக்டீரியா. செம்பு பாக்டீரியாவைக் கொல்லும். கொல்லத்தான் அதை அடிக்கிறீர்கள்! பிபிஎஃப்எம் தனியாக, ஏக்கருக்கு அரை லிட்டர், 200 லிட்டர் நீரில், காலையிலோ மாலையிலோ இலையில் படும்படி. மருந்துக்கும் அதற்கும் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

உப்பு நிலம். பாக்டீரியா உப்பை எடுத்துவிடுமா? – ராமநாதபுரம்

எடுக்காது. செடியின் தாங்குதிறனைக் கொஞ்சம் கூட்டும். களர் (சோடியம் மிகுந்த மண்) என்றால் ஜிப்சமும் வடிகாலும், உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்) என்றால் நல்ல நீர் விட்டு அலசுவதும் முதலில். மண் பரிசோதனை அட்டையை அனுப்பாமல் 'உப்பு' என்று மட்டும் எழுதினால் நான் எதைச் சொல்வது?

எந்த பாக்டீரியா நல்லது? – (ஊர் பெயர் இல்லை)

பயிரும் இல்லை, மண்ணும் இல்லை. மறுபடி எழுதுங்கள்.

உயிர் உரப் பாக்கெட்டை மோட்டார் அறையில் வைத்திருக்கிறேன். காலாவதிக்கு இன்னும் இரண்டு மாதம். பயன்படுத்தலாமா? – திருச்சி

தகரக் கூரையா? அப்படியென்றால் தேதியை நம்பாதீர்கள், புதிதாக வாங்குங்கள். விதை நேர்த்திக்கு ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதையுங்கள்.